மாணிக்கனாரை வீட்டோட சேர்த்து நினைக்கணும்

ஒவ்வொரு ஏப்ரல் மாசமும் இது நடக்குது, ஒவ்வொரு தடவையும் மனசு ஆறமாட்டேங்குது. ஏப்ரல் 17 வ.சுப. மாணிக்கனார் பிறந்த நாள். ஏப்ரல் 25 அவர் மறைந்த நாள். இந்த இரண்டு தேதிக்கும் நடுவுல வர்ற அஞ்சலிக் குறிப்புகளை வரிசையா எடுத்துப் பாருங்க. மூதறிஞர், செம்மல், கல்லூரி முதல்வர், துறைத்தலைவர், துணைவேந்தர், திருவள்ளுவர் விருது (அது அவர் போன பிறகு வந்தது). அப்புறம் நீளமா ஒரு நூல் பட்டியல். எல்லாம் முடிஞ்சு கடைசி வரியில, மனைவி பேரு, மூணு மகன், மூணு மகள். அவ்வளவுதான். வேலைக்கு விண்ணப்பம் போடறவர் தன்னைப் பத்தி எழுதற மாதிரி இருக்கு. ஒரு மனுஷர் 72 வருஷம் வாழ்ந்து, முப்பது நாப்பது வருஷம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து, ஆறு பிள்ளைகளை வளர்த்து, புத்தகம் புத்தகமா எழுதியிருக்கார். அவரைப் பத்தி நாம சொல்றது இவ்வளவுதானா?

இதைக் கந்தர்வக்கோட்டையிலிருந்து எழுதறேன். தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில இருக்கிற ஊர். புதுக்கோட்டை மாவட்டத்தோட வடக்கு ஓரம் நாங்க. தென்மேற்கு ஓரத்துல பொன்னமராவதி, அதை ஒட்டி மாணிக்கனார் பிறந்த மேலைச்சிவபுரி. எங்க ஊர்ல இருந்து அதே சாலையில வடக்கே போனா தஞ்சாவூர், அங்கே 1981-ல தொடங்கின தமிழ்ப் பல்கலைக்கழகம். அந்தப் பல்கலைக்கழகம் எப்படி அமையணும்னு திட்டம் வகுத்த வல்லுநர் குழுவுக்குத் தலைமை ஏத்தவரும் மாணிக்கனார்தான். அவர் பிறந்த ஊர் ஒரு பக்கம், அவர் யோசனை சொன்ன பல்கலைக்கழகம் இன்னொரு பக்கம். நடுவுல இருக்கிற எங்க பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவர் பேர் பொது அறிவு வினாவிடையில வர்ற ஒரு விடையா மட்டும் தெரிஞ்சா, அது பெரிய நஷ்டம். அதான் இந்த நீளமான பதிவு. பொறுமையா வாசிங்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. மாணிக்கனாரோட புலமையும் அவரோட குடும்ப வாழ்க்கையும் இரண்டு தனித்தனி அத்தியாயம் கிடையாது. அவர் ஆயுசு முழுக்க ஆராய்ஞ்ச பொருளே வீடுதான்: காதல், கல்யாணம், இல்லறம், விருந்து, கொடை. அவர் நடத்தின வீடு அந்த ஆராய்ச்சிக்கு அவரே எழுதின உரை. பேராசிரியரைத் தனியா, குடும்பஸ்தரைத் தனியா பிரிச்சு வச்சு நினைக்கறோமே, அப்ப இரண்டு பேருமே நமக்குக் கிடைக்கமாட்டாங்க.

முதல்ல அவரோட தொடக்கத்தைப் பார்ப்போம். 1917-ல சுப்பிரமணியன் செட்டியார், தெய்வானை ஆச்சிக்குப் பிள்ளையாப் பிறந்தார். சின்ன வயசுலேயே அம்மாவும் போய், அப்பாவும் போய், அம்மா வழித் தாத்தா பாட்டிதான் வளர்த்தாங்க. நகரத்தார் வீட்டுப் பையன்களுக்கு அந்தக் காலத்துல போட்டுவச்ச பாதை ஒண்ணு உண்டு: கொஞ்சம் படிப்பு, கப்பலேறிப் பர்மா, அங்கே வட்டிக்கடையில பெட்டியடிப் பையன். இவரும் ரங்கூன் போனார். அங்கே நடந்த ஒண்ணுதான் அவர் வாழ்க்கையில எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. முதலாளிக்காக ஒரு பொய் சொல்லச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டார். வேலை போச்சு, ஊருக்குத் திரும்பினார். பொய் சொல்லா மாணிக்கம்னு பேர் ஆச்சு. (என்ன பொய், யார்கிட்ட சொல்லச் சொன்னாங்கங்கிற விவரம் சொல்றவங்களைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். நடுவுல இருக்கிற விஷயம் மாறறதில்ல.) இந்தக் கதையை எல்லாரும் நேர்மைக்கு உதாரணமாச் சொல்லிட்டு நகர்ந்துடறாங்க. எனக்கு அதுல வேற ஒண்ணு முக்கியமாத் தெரியுது. அது வரைக்கும் அந்தப் பையன் பெரிய படிப்பு எதுவும் படிக்கல. குறளுக்கு உரை எழுதல. சங்கப் பாட்டை ஆராயல. சொல்லுக்கும் நடத்தைக்கும் நடுவுல இடைவெளி விடக்கூடாதுங்கிற பிடிவாதம் புலமைக்கு முன்னாடியே வந்துடுச்சு. புலமை அதுக்குப் பிறகு வந்து சேர்ந்தது. பின்னாடி அவர் எழுதினதையெல்லாம் இந்த வரிசையிலதான் வாசிக்கணும்னு நினைக்கிறேன்.

ஊருக்கு வந்தவருக்குப் பண்டிதமணி கதிரேசன் செட்டியார் கிடைச்சார். பண்டிதமணி 1909-லேயே மேலைச்சிவபுரியில சன்மார்க்க சபை தொடங்கக் காரணமா இருந்தவர். வடமொழி நாடகமான மிருச்சகடிகத்தை மண்ணியல் சிறுதேர்னு தமிழுக்குக் கொண்டுவந்தவர். அவர்கிட்ட பாடம் கேட்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல வித்துவான் படிச்சு, அங்கேயே ஆசிரியராகி, 1948-ல காரைக்குடி அழகப்பா கல்லூரிக்கு வந்தார் மாணிக்கனார். 1964-ல அதே கல்லூரிக்கு முதல்வர். 1970-ல திரும்ப அண்ணாமலைக்குத் தமிழ்த் துறைத்தலைவர். 1979-லிருந்து 1982 வரைக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர். பதவி வரலாறு இவ்வளவு போதும், இதைத்தான் எல்லாரும் எழுதறாங்களே. காரைக்குடியில அவர் வீட்டுக்கு வச்ச பேரு கதிரகம். ஆசிரியரோட பேரை வீட்டு நிலைக்கு மேல வச்சுட்டு, அந்த நிலையைத் தாண்டித்தான் தினமும் உள்ளே போயிருக்கார், வெளியே வந்திருக்கார். அவருக்குக் கல்லூரி எங்கே முடிஞ்சு வீடு எங்கே தொடங்குச்சுன்னு கோடு போடறது கஷ்டம்.

இப்ப ஆராய்ச்சிக்கு வருவோம், ஏன்னா என் வாதம் நிக்கறதும் விழறதும் இங்கேதான். சங்கப் பாட்டு மொத்தம் 2381-ன்னு எண்ணிச் சொல்றாங்க. அதுல 1862 அகப்பாட்டுன்னு கணக்கு. நாலுல மூணு பங்குக்கு மேல. ஆனா 20-ஆம் நூற்றாண்டுல நம்ம மேடைகள்ல சங்க இலக்கியம்னா என்ன பேசினோம்? வீரம், கொடை, மூவேந்தர், கடல் வாணிகம். அரசியலுக்குப் புறம்தான் தோதா இருந்துச்சு. அகத்தைச் சொல்லணும்னா கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் ரசனைப் பேச்சு, அதோட விட்டுடுவோம். அந்தச் சூழல்ல ஒரு பேராசிரியர் தன்னோட முனைவர் பட்டத்துக்கு அகத்திணைக் கொள்கையை எடுத்துக்கிட்டு, சட்டமும் சான்றுமா ஒரு முழு ஆய்வு செஞ்சார். அதுதான் 1962-ல தமிழ்க் காதல்னு புத்தகமாச்சு. அகத்தை வெறும் கவிதை அழகாப் பார்க்காம, ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழற வாழ்க்கையைப் பத்தி ஒரு சமூகம் யோசிச்சுச் சேர்த்துவச்ச அறிவாப் பார்த்த புத்தகம் அது. கைக்கிளை, பெருந்திணை இரண்டையும் இழிவுன்னு ஓரமாத் தள்ளற பழைய பழக்கத்தை அவர் ஏத்துக்கல. அதுவும் அகம்தான்னு வாதாடினார். ஒருதலையா விரும்பினவனையும், அளவு மீறி அன்பு வச்சவங்களையும் குடும்பத்தை விட்டுத் தள்ளிவைக்காத பார்வை இது. இலக்கண விவகாரம் மாதிரி தெரியும், ஆனா அடியில ஓடறது மனுஷங்க மேல இருக்கிற பரிவு.

அகப்பாட்டுல இன்னொரு விதி உண்டு. தலைவன், தலைவி யாருக்கும் பேர் சொல்லக்கூடாது. பேர் வந்தா அது அகம் இல்ல. எந்த வீட்டுக்கும் பொருந்தணும்கிறதுக்காகத்தான் அந்தக் கட்டுப்பாடு. இந்த விதியை இத்தனை ஆழமாப் படிச்ச மனுஷர், தன் வீட்டுல பேர் வைக்கற உரிமை வந்தப்ப என்ன செஞ்சார்னு பாருங்க. பையன்களுக்குத் தொல்காப்பியன், பூங்குன்றன், பாரி. பொண்ணுங்களுக்குத் தென்றல், மாதரி, பொற்றொடி. இங்கே உடனே ஒரு மறுப்பு வரும்: அந்தக் காலத்துல தமிழ்ப் பற்று உள்ள எல்லாரும் இப்படித்தான் பேர் வச்சாங்க, தனித்தமிழ் அலை அடிச்ச நேரம், இதுல என்ன தனிச்சிறப்பு? நியாயமான கேள்வி. அலை இருந்தது உண்மை. ஆனா பேர்களைக் கொஞ்சம் கிட்டத்துல போய்ப் பாருங்க. பாரியோட பறம்பு மலைன்னு சொல்ற பிரான்மலை பொன்னமராவதிப் பக்கத்துலதான் இருக்கு. கணியன் பூங்குன்றனோட பூங்குன்றம்னு அடையாளம் சொல்ற மகிபாலன்பட்டியும் அந்த வட்டாரம்தான், அதுவேதான் பண்டிதமணி பிறந்த ஊர். இதெல்லாம் மேலைச்சிவபுரிக்காரருக்கு ஏட்டுல இருக்கிற பேர் மட்டும் இல்ல, பக்கத்து ஊர்ப் பேர். பொண்ணுக்கு வச்ச மாதரிங்கிற பேரை யோசிங்க. சிலப்பதிகாரத்துல பேர் வைக்கணும்னா கண்ணகி இருக்கா, மாதவி இருக்கா, மணிமேகலை இருக்கா. இவர் எடுத்தது ஆயர் குலத்து மாதரியை. ஊரு தெரியாத இடத்துல வந்து நின்ன கோவலனுக்கும் கண்ணகிக்கும் வீடு கொடுத்துச் சோத்துக்கு வழி பண்ணினவ, அடைக்கலமா வந்தவங்களைக் காப்பாத்த முடியலையேன்னு தீயில விழுந்து உயிர்விட்டவ. அலையோட போறவர் இந்தப் பேரைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். காப்பியத்தை ஒரு குடும்பத்துக்காரரோட கண்ணோட வாசிச்சவருக்குத்தான், விருந்தாளிக்குக் கதவு திறந்த பொண்ணு இவ்வளவு பெரியவளாத் தெரிவா.

இன்னொரு சான்று. 1945-ல ஏகம்மை ஆச்சியைக் கல்யாணம் பண்ணினார். 1947-ல அவர் எழுதின நாடகத்துக்குத் தலைப்பு, மனைவியின் உரிமை. அப்ப பக்கத்துல இருந்த விஷயம் எதுன்னு தலைப்பே சொல்லுது. (1947-ல தமிழ்ப் புலவர் ஒருத்தர் எழுத எத்தனையோ தலைப்பு இருந்துச்சு, தேசமே விடுதலை ஆன வருஷம்.) அப்புறம் 1953-ல வள்ளுவம். சொற்பொழிவு செய்யற நடையில எழுதின புத்தகம். அதுல அவர் அடிச்சுச் சொல்றது, குறள் வியந்து பாராட்டறதுக்காக எழுதினது இல்ல, செய்யறதுக்காக எழுதினதுன்னு. மனப்பாடம் பண்ணினவனைவிட ஒரு குறள்படி நடந்தவன்தான் வள்ளுவனுக்கு வேண்டியவன்கிற கட்சி அவரோடது.

இங்கே பெரிய மறுப்பைச் சந்திச்சுட்டுப் போயிடலாம். ஒருத்தரோட புலமையை மதிப்பிட அவர் வீட்டுக்குள்ள ஏன் எட்டிப் பார்க்கணும்? நல்ல புத்தகம் எழுதினவர் வீட்டுல மோசமானவரா இருக்கலாம், வீட்டுல தங்கமானவர் ஒண்ணுத்துக்கும் ஆகாத புத்தகம் எழுதலாம். டால்ஸ்டாயை எடுத்துக்கங்க. குடும்பத்தைப் பத்தி உலகத்துலேயே ஆழமா எழுதினவங்கள்ல ஒருத்தர். 1910-ல, 82 வயசுல, சொந்த வீட்டுல இருக்க முடியாம ராத்திரியோட ராத்திரியாக் கிளம்பிப் போய் ஒரு ரயில் நிலையத்துல உயிரை விட்டார். அதனால அன்னா கரீனினா சின்னதாயிடுச்சா? ஆகல. இந்த வாதத்தை நான் முழுசா ஒத்துக்கறேன், நாவலாசிரியருக்கு. நாவல் தன் காலுல தானே நிக்கும். ஆனா ஆசிரியர் விஷயம் அப்படி இல்ல. ஒரு வாத்தியார் கொடுக்கறதுல பாதிதான் பாடம், மீதி அவர் இருக்கிற விதம். பையன் வகுப்புல வாத்தியாரோட வாயை மட்டும் பார்க்கறதில்ல. அதுவும் மாணிக்கனார் மாதிரி ஒருத்தர் விஷயத்துல அந்தச் சோதனையை வச்சது நாம இல்ல, அவரே. குறள் செய்யறதுக்குத்தான்னு எழுதினவரை, செஞ்சீங்களான்னு கேக்கறது வம்பு இல்ல. அவர் புத்தகத்தை அவர் சொன்ன விதத்துல வாசிக்கறது. அவர் போட்ட அளவுகோலால அவரை அளக்கறோம், அவ்வளவுதான்.

செஞ்சாரா? எனக்குக் கிடைக்கற சான்றுலேயே கனமானது அவர் உயில். தன் சொத்துல ஆறுல ஒரு பங்கைப் பிறந்த ஊரான மேலைச்சிவபுரி மக்களோட நலத்துக்குன்னு எழுதிவச்சார். எல்லாத்தையும் தானம் பண்ணிட்டுப் பிள்ளைகளைத் தெருவுல விடல. எல்லாத்தையும் பிள்ளைகளுக்கே வச்சுட்டு ஊரை மறக்கவும் இல்ல. ஆறுல ஒண்ணு. இந்தக் கணக்கு எங்கிருந்து வந்துச்சு? இது என் ஊகம்தான், ஆனா ஆதாரம் உள்ள ஊகம். இல்வாழ்றவன் காப்பாத்த வேண்டிய அஞ்சு பேரை வள்ளுவர் சொல்ற குறளுக்குப் பரிமேலழகர் உரை எழுதறப்ப ஒரு விஷயம் சொல்றார்: ஒருத்தன் வருமானத்துல அஞ்சு பங்கு இந்த அஞ்சு பேருக்கு வேணும்கிறதாலதான் அரசனுக்கு ஆறுல ஒரு பங்கு வரின்னு ஆச்சு. அதாவது ஆறுல ஒண்ணு பொதுவுக்கு, மீதி அஞ்சும் வீட்டோட கடமைகளுக்கு. வாழ்நாள் பூரா குறளோட இருந்தவருக்கு இந்த உரை தெரியாம இருக்க வாய்ப்பே இல்ல. அரசனுக்குப் போன பங்கை ஊருக்குன்னு மாத்திட்டார்னு நான் படிக்கறேன். இந்த ஊகம் தப்பாக்கூட இருக்கலாம், எண்ணு வேற காரணத்துக்காக வந்திருக்கலாம். அப்பவும் உயில் உயில்தான். ஆறு பிள்ளைகளோட அப்பா, ஊரையும் ஒரு வாரிசாச் சேர்த்துக்கிட்டு எழுதின கணக்கு அது. இல்லறம்னா வீட்டுச் சுவத்தோட முடியறது இல்லைன்னு அவர் எழுதினதுக்கு இதைவிட நல்ல அடிக்குறிப்பு யாராலயும் போட முடியாது.

இந்தச் சான்றெல்லாம் யார் சொன்னது, அவர் மாணவர்களும் சொந்தக்காரங்களும்தானே, அவங்க நல்லதைத்தானே சொல்லுவாங்கன்னும் கேக்கலாம். கேக்கணும். நினைவு மலர்கள்ல வர்ற பாராட்டுரைகளை அப்படியே சரித்திரமா எடுத்துக்கறது எனக்கும் சம்மதம் இல்ல. அதனாலதான் இந்தப் பதிவுல அவர் எவ்வளவு அன்பானவர், எவ்வளவு எளிமையானவர்ங்கிற சாட்சியங்களை நான் எடுக்கவே இல்ல. புத்தகத் தலைப்பு அச்சுல இருக்கு. வீட்டுப் பேர் நிலைக்கு மேல இருந்துச்சு. பிள்ளைகள் பேரை யாரும் பிற்காலத்துல இட்டுக்கட்ட முடியாது. உயில் எழுத்துல இருக்கு. புகழ்ச்சி இல்லாத இந்த நாலை வச்சே ஒரு மனுஷர் முழுசாத் தெரியறார்.

இன்னொரு ஆளையும் பக்கத்துல வச்சுப் பார்க்கலாம், இது ஒருத்தரோட தனிப்பட்ட குணம் மட்டும் இல்லைன்னு தெரியும். மு. வரதராசனார். 1912-ல பிறந்தவர், பச்சையப்பன் கல்லூரியில தமிழ் நடத்தினவர், 1971-லிருந்து 1974-ல மறையற வரைக்கும் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். மாணிக்கனார் பின்னாடி உக்காந்த அதே நாற்காலி. மு.வ. தன் கருத்தைச் சொல்ல எடுத்துக்கிட்ட வடிவத்தைப் பாருங்க: அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்குன்னு கடிதம். மொழிப் பிரச்சினையையும் நாட்டுப் பிரச்சினையையும் ஒரு வீட்டுக்குள்ள நடக்கற பேச்சா மாத்தினார். நாவல் எழுதினாலும் கல்யாணம், வாடகை வீடு, அண்ணன் தம்பி, படிச்ச பொண்ணோட பாடு. அந்தத் தலைமுறைத் தமிழ்ப் பேராசிரியர்கள்ல பெரியவங்க இரண்டு பேர், ஒருத்தர் ஆராய்ச்சி வழியா, ஒருத்தர் கதை வழியா, இல்லறத்தையே தங்களோட பொருளா எடுத்திருக்காங்க. அவங்களை நினைக்கறப்ப மட்டும் நாம வீட்டைக் கடைசி வரிக்குத் தள்ளிடறோம். மு.வ.வை நாவல் வழியா வீட்டுக்குள்ள விட்டுட்டாங்க வாசகர்கள், அதனால அவர் இன்னும் சொந்தக்காரர் மாதிரி இருக்கார். மாணிக்கனார் நடை கொஞ்சம் இறுக்கம், செறிவு. புதுச் சொல் நிறைய ஆக்குவார். அதனால அவர் பட்டங்களுக்குள்ளேயே மாட்டிக்கிட்டார்.

கடைசிக் காலத்துல அவர் எடுத்துக்கிட்ட வேலையையும் இந்த வெளிச்சத்துல பார்க்கணும். துணைவேந்தர் பதவி முடிஞ்சு, எழுபது வயசைத் தாண்டி, ஓய்வா உக்கார வேண்டிய நேரத்துல தமிழ்வழிக் கல்விக்குன்னு ஒரு இயக்கம் தொடங்கி ஊர் ஊராப் போனார். இதை மொழிப் போராட்டத்தோட ஒரு பக்கமா மட்டும் எழுதறாங்க. எனக்கு அது அவரோட இல்லறச் சிந்தனையோட தொடர்ச்சியாவும் தெரியுது. பிள்ளையை எந்த மொழியில படிக்கவைக்கறதுங்கிற முடிவு கடைசியில எடுக்கப்படற இடம் சட்டசபை இல்ல, வீட்டுக்கூடம். அப்பாவும் அம்மாவும் உக்காந்து பேசி, கையில இருக்கிற காசை எண்ணிப் பார்த்து எடுக்கற முடிவு. அந்த முடிவுக்குப் பின்னாடி பயம் இருக்கு: இங்கிலீஷ் இல்லைன்னா என் பிள்ளைக்கு வேலை கிடைக்காதுங்கிற பயம். அந்தப் பயம் பொய்னு நான் சொல்லமாட்டேன். எங்க கந்தர்வக்கோட்டை மாதிரி ஊர்ல, செம்மண் காட்டையும் முந்திரியையும் மழையையும் நம்பி இருக்கிற வீட்டுல, கடன் வாங்கியாவது ஆங்கிலவழிப் பள்ளியில சேர்க்கற பெத்தவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரல. மாணிக்கனாரோட இயக்கம் இந்த இடத்துல வேகம் எடுக்கலைங்கிறதும் உண்மை. வேலைவாய்ப்பைத் தமிழோட கட்டாம, தமிழ்வழிக் கல்வியை மட்டும் வேண்டிக் கேக்கறது பெத்தவங்க தலையில பாரத்தை ஏத்தற மாதிரி ஆயிடும். இந்த விமரிசனத்தை வச்சுக்கிட்டேதான் சொல்றேன்: பதவியும் சம்பளமும் போன பிறகு ஒரு பேராசிரியர் வீடு வீடாச் சொல்லவேண்டிய விஷயம்னு நினைச்சு வெயில்ல கிளம்பினாரே, அந்த மனசு ரங்கூன்ல பொய் சொல்ல மறுத்த பையனோட மனசேதான்.

இப்ப எனக்கே பதில் முழுசா இல்லாத ஒரு மறுப்பு. குடும்பத்தையும் சேர்த்து நினைக்கணும்னு இவ்வளவு பேசறியே, இதுல ஏகம்மை ஆச்சி எங்கே? நாலு சான்று சொன்ன, நாலும் அவர் செஞ்சது. சரியான அடி. 1945-லிருந்து 1989 வரைக்கும் நாப்பத்து மூணு வருஷத்துக்கு மேல ஓடின குடும்பம் அது. சிதம்பரம், காரைக்குடி, திரும்பச் சிதம்பரம், மதுரைன்னு அவர் வேலை மாறிக்கிட்டே இருந்துச்சு. ஆறு பிள்ளைகள். நடுவுல ஆய்வுப் பட்டம், நாடகம், கவிதை, உரை, நிர்வாகம். இத்தனையையும் ஒருத்தர் எழுதி முடிக்கணும்னா, யாரோ ஒருத்தர் அடுப்பு, பிள்ளைங்க காய்ச்சல், பள்ளிக்கூடம், வந்துபோற மாணவர்களுக்குச் சாப்பாடு, செட்டிநாட்டு வீட்டுக்கே உரிய முறை செய்யறது எல்லாத்தையும் பார்த்திருக்கணும். அந்த யாரோ யாருன்னு நமக்குத் தெரியும். ஆனா அஞ்சலிக் குறிப்புல அந்த அம்மாவுக்குக் கிடைக்கறது ஒரு பேர், சில சமயம் அதுவும் இல்ல. நம்ம ஊர்ல பேராசிரியர்களைப் பத்தி வந்திருக்கிற நினைவு மலர்கள் எதை எடுத்தாலும் கதை இதுதான். மாணவர் எழுதுவார், சக ஆசிரியர் எழுதுவார், அமைச்சர் வாழ்த்துரை இருக்கும். மனைவி ஒரு பக்கம் சொன்னதாக்கூட இருக்காது. மனைவியின் உரிமைன்னு நாடகம் எழுதினவருக்கு நாம செய்யற மரியாதை இப்படியா இருக்கணும்?

இது என் வாதத்தைப் பலவீனமாக்குதா? ஆக்கலைன்னு நினைக்கிறேன். வீட்டைச் சேர்க்காம நினைக்கறதாலதான் ஏகம்மை ஆச்சி காணாமப் போனாங்க. பட்டியல் போடற பழக்கம் பேராசிரியரைச் சுருக்குது, அவர் மனைவியை அழிச்சே விடுது. சேர்த்து நினைக்கத் தொடங்கினா முதல்ல கண்ணுல படற ஓட்டையே இதுதான், அந்த ஓட்டையைப் பார்க்கறதுக்காகவாவது சேர்த்து நினைக்கணும். அகப்பாட்டுல தலைவன் மட்டும் பேசறதில்லையே. தலைவி பேசறா, தோழி பேசறா, செவிலி பேசறா, நற்றாய் பேசறா. வீட்டைப் பத்தின உண்மை பல வாயிலிருந்துதான் வரும்கிறது அந்த இலக்கியத்தோட அமைப்புலேயே இருக்கு. அதை ஆராய்ஞ்சு வாழ்நாளைக் கழிச்சவரோட வாழ்க்கையை ஒரே குரல்ல எழுதிவைக்கறது அவர் படிப்புக்கே பொருந்தாத காரியம்.

அதனால நான் கேட்டுக்கறது இரண்டு. ஒண்ணு, வாசிங்க. அவர் நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல போய்த் தேடுங்க, காசு கொடுக்க வேண்டியதில்ல. வள்ளுவத்துல தொடங்குங்க, நடை பழகின பிறகு தமிழ்க் காதலுக்குப் போங்க. புதுக்கோட்டை மாவட்டத் தமிழாசிரியர்கள் யாராவது இதைப் படிச்சா, அடுத்த ஏப்ரல் 17 அன்னைக்குப் பட்டங்களை விட்டுட்டு மாதரிங்கிற பேர் ஏன் வச்சிருப்பார்னு வகுப்புல ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. பிள்ளைங்க சிலப்பதிகாரத்தைத் தேடிப் போவாங்க.

இரண்டாவது, காரைக்குடியிலயோ சிதம்பரத்துலயோ மேலைச்சிவபுரியிலயோ மாணிக்கனார் வீட்டுல சாப்பிட்டவங்க, ஆச்சியைத் தெரிஞ்சவங்க, அவர்கிட்ட படிச்சவங்க இன்னும் இருக்காங்க, வயசானவங்களா. உங்க வீட்டுப் பெரியவங்க அந்த வகையில யாராவதுன்னா, அவங்க பக்கத்துல உக்காந்து கேட்டு எழுதிவைங்க. மாணிக்கனாரைப் பத்தி மட்டும் இல்ல, ஏகம்மை ஆச்சியைப் பத்தியும். அவங்க என்ன பேசுவாங்க, எப்படி வீட்டை நடத்தினாங்க, அவர் எழுத்தைப் படிச்சாங்களா, எதுல அவரோட ஒத்துப்போகல, எல்லாத்தையும் எழுதுங்க. அச்சுல வராட்டியும் பரவாயில்ல, ஒரு நோட்டுல இருக்கட்டும். தயவுசெஞ்சு சீக்கிரம் செய்ங்க.